யாளி வேடம் கட்டிய மாணவி மயங்கிவிட்டாள்: கையால் செய்யும் விலங்கு வேடங்களுக்கு வழி சொல்லுங்கள்

கேள்வி: காவிரிக்கரை ஆசிரியை

வணக்கம். திருச்சிக்கு அருகில் உள்ள ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியையாக இருக்கிறேன். 12 முதல் 15 வயது வரையுள்ள எங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் தாங்களே எழுதிய நாடகம் ஒன்றை மேடையேற்றுவார்கள். இந்த ஆண்டு நாடகத்தில், வற்றிப்போன ஆற்றைத் தேடிப் புறப்படும் ஒரு சிறுமிக்குத் துணையாகக் கோயில் தூணிலிருந்து யாளி ஒன்று இறங்கி வருகிறது. போகும் வழியில் ஒரு மயிலும் ஒரு கரடியும் கிழட்டுக் குதிரை ஒன்றும் அவர்களோடு சேர்ந்துகொள்கின்றன. நாடகம் ஏறத்தாழ 50 நிமிடம் நடக்கும். அதில் 35 நிமிடம் யாளி மேடையிலேயே இருக்கிறது. பேசுகிறது, இரண்டு பாடல்கள் பாடுகிறது.

திருவரங்கம் கோயிலுக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, தூண்களில் உள்ள யாளிகளை அவரவர் கைப்பட வரைந்துவரச் செய்தோம். அந்தப் படங்களை வைத்துக்கொண்டு களிமண் அச்சு பிடித்து, அதன்மேல் காகிதம் ஒட்டி, நசுங்கிவிடக் கூடாதே என்று பாரிஸ் சாந்தும் பூசி, பிதுங்கிய கண்களும் சுருண்ட தும்பிக்கையும் கோரைப்பற்களுமாக ஒரு தலையைச் செய்து முடிக்க ஆறு வாரம் ஆயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் வியந்தார்கள். எடை 3 கிலோ 600 கிராம் இருந்தது. அது எங்களுக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

முழு வேடத்துடன் நடந்த முதல் ஒத்திகையில், இருபதாவது நிமிடத்தில், யாளியாக நின்ற 14 வயது மாணவி வசனத்தின் நடுவில் பேச்சை நிறுத்திவிட்டுத் தூணில் சாய்ந்தாள். நடிப்பென்றே நாங்கள் நினைத்தோம். தலையைக் கழற்றியபோதுதான் அவள் மயங்கியிருப்பது தெரிந்தது. வெப்பத்தாலும் உடலில் நீர் வற்றியதாலும் நேர்ந்தது என்று மருத்துவர் சொன்னார். இப்போது நலமாக இருக்கிறாள். அந்த வேடத்தை வேறொருவருக்குத் தரவா என்று கேட்டேன்; தானே செய்வதாக அழுதுகொண்டு நிற்கிறாள். அவளுடைய பெற்றோரும் என்னை நம்பி அனுப்புகிறார்கள். இனி ஒரு முறை அப்படி நேர விடமாட்டேன் என்ற உறுதியோடுதான் இங்கே எழுதுகிறேன்.

குழந்தைகள் அணியும் விலங்குத் தலை எவ்வளவு எடைக்குள் இருக்கவேண்டும், கண்ணும் மூச்சும் எவ்வழியாக அமையவேண்டும், நான்கு காலில் நடக்கும் விலங்கை எப்படிக் காட்டுவது ஆகியவற்றை அனுபவமுள்ளவர்கள் சொல்லவேண்டும். வாடகைக் கடைகளில் கிடைக்கும் உடுப்புகள் பெரியவர்களின் அளவில், துவைக்காத நாற்றத்துடன் இருக்கின்றன. எல்லா வேடங்களுக்கும் சேர்த்து எங்களிடம் 15,000 ரூபாய் இருக்கிறது. ஒரு தையல் இயந்திரமும், தையல் தெரிந்த ஒரு தாயும், ஓயாத இருபது பிள்ளைகளும் உண்டு.

பதில் 1: பாரிமுனைத் தையற்காரர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். சென்னையில் 18 ஆண்டுகளாக மேடை உடுப்புகள் தைத்துவருகிறேன். அந்தக் குழந்தை மீண்டும் ஒத்திகைக்கு வந்து நிற்பதைப் படித்ததும் உடனே எழுதவேண்டும் என்று தோன்றியது.

நீங்கள் விலங்கின் படத்திலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். நாங்களும் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படித்தான் தொடங்கினோம். வேடம் போடுபவர் அந்த நாடகத்தில் என்னவெல்லாம் செய்கிறார் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பாடுகிறாரா, குனிகிறாரா, படியேறுகிறாரா, ஒரே மூச்சில் எத்தனை நிமிடம் மேடையில் நிற்கிறார் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் கத்தரிக்கோலை எடுக்கவேண்டும். உங்கள் யாளி 35 நிமிடம் நின்று இரண்டு பாடல்கள் பாடுகிறது. அப்படியானால் முகத்தை மூடவே கூடாது. மூடிய தலைக்குள் பாடினால் குரலும் வெளியே வராது. விட்ட வெப்பமூச்சையே திரும்ப இழுக்கவேண்டியிருக்கும்.

விலங்கின் முகம் நெற்றிக்கு மேலே நிற்கட்டும். கீழே பிள்ளையின் முகம் வண்ணப் பூச்சோடு திறந்திருக்கட்டும். பார்வையாளர் இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்கள். சில நிமிடங்களில் அவர்களுக்கு அது பழகிவிடும். நியூயார்க்கில் 1997 முதல் நடந்துவரும் 'தி லயன் கிங்' மேடை நாடகத்துக்கு ஜூலி டேமோரும் மைக்கேல் கரியும் செய்த முகமூடிகள் நடிகரின் தலைக்கு மேலேதான் நிற்கின்றன. கரியிழையால் (கார்பன் ஃபைபர்) செய்யப்பட்ட, சிங்க அரசன் முஃபாசாவின் பெரிய முகம் ஏறத்தாழ 310 கிராம் எடைதான். உங்கள் தலை அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். நம்மிடம் கரியிழை இல்லை என்றாலும் குழந்தைகளுக்கு நான் செய்யும் தலைகளை 600 கிராமுக்கு மேல் போகவிடுவதில்லை.

செய்முறையைச் சொல்கிறேன். கட்டடத் தொழிலாளர் அணியும் மஞ்சள் தலைக்கவசம் ஒன்றை வாங்கி, கெட்டியான மேலோட்டை ஒதுக்கிவிட்டு, உள்ளே இருக்கும் பட்டைக்கூட்டை மட்டும் கழற்றி எடுங்கள். தலைச்சுற்றுக்கு ஏற்பக் கூட்டவும் குறைக்கவும் வசதி அதிலேயே இருக்கும். உச்சிக்கும் வேடத்துக்கும் இடையே காற்றுப்போக இடமும் இருக்கும். அதன்மேல் ஈ.வி.ஏ. நுரைத்தாளால் யாளி முகத்தைக் கட்டவேண்டும். ரப்பர் செருப்பு செய்ய உதவும் அதே தாள்தான். சென்னையில் பெரியமேட்டில் செருப்புப் பொருள் விற்கும் கடைகளில் பல கனத்தில் கிடைக்கும். மண்டைக்கு 5 மில்லிமீட்டர், காதுக்கும் இமைக்கும் 2 மில்லிமீட்டர் கனம் போதும். முதலில் பழைய அட்டைப்பெட்டியில் முழு முகத்தையும் வெட்டி ஒட்டிப் பார்த்து, சரியாக வந்த பிறகே நுரைத்தாளில் வெட்டுங்கள். பிளேடு புதிதாக இருக்கவேண்டும். மழுங்கினால் விளிம்பு பிசிறும். ரப்பர் பசையை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட்டு, பிறகு சேர்த்து அழுத்தினால் அந்த மூட்டு எளிதில் பிரியாது. இந்தப் பசையின் நெடி தலைசுற்ற வைக்கும். ஒட்டும் வேலையைத் திறந்த வெளியில் பெரியவர்களே செய்யவேண்டும். சூடுகாற்றுக் கருவியால் தாளை இளக்கி வளைக்கும் வேலையும் பெரியவர்களுடையதே. பிள்ளைகளுக்கு வரைவதும் வெட்டுவதும் வண்ணம் தீட்டுவதும் இருக்கின்றன.

தும்பிக்கையைக் கெட்டியாகச் செய்யாதீர்கள். மெத்தைக் கடையில் கிடைக்கும் பஞ்சுநுரையை வளையம் வளையமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, ஒரு நாடாவில் கோத்துத் துணி உறை போட்டால், தலை அசையும்போது தும்பிக்கை தானாகச் சுருண்டு நிமிரும். கல்லில் இருந்த யாளிக்கு உயிர் வந்துவிட்டது என்று பார்வையாளருக்கு அந்த அசைவே சொல்லிவிடும்.

பிடரிக்கும் உடலுக்கும் செயற்கை ரோமத் துணி வாங்கிவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில், மேடை விளக்கின் கீழ், அது கம்பளிப் போர்வைக்குச் சமம். காடாத்துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து, காவியும் பச்சையும் தோய்த்து, வரிசை வரிசையாகத் தைத்தால் பிடரி காற்றில் ஆடும். உடலுக்கு ஒரு பருத்திச் சட்டையும் கால்சட்டையும் போதும். தொடையிலும் கெண்டைக்காலின் பின்புறத்திலும் மட்டும் நுரைத் துண்டுகளை உள்ளே தைத்து விலங்கின் கால் வளைவைக் காட்டலாம். கரடியின் தோளுக்கு ரோமத் துணி தேவைப்பட்டால் ஒரு முழம் வாங்குங்கள். அதைக் கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. பின்பக்கம் திருப்பி, அடித்துணியை மட்டும் பிளேடால் கீறவேண்டும். அப்போதுதான் ரோமம் முழுதாக நின்று தையலை மறைக்கும்.

நான்கு காலில் நடக்க வைக்கவே வேண்டாம். முழங்காலும் மணிக்கட்டும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்கமாட்டா. முன்னங்கைகளில் நகம் வைத்த உறை மாட்டி, முதுகைச் சற்று வளைத்து நடக்கப் பழக்குங்கள். மேலும் ஒன்று: முழு வேடத்தோடு நடக்கும் ஒத்திகைகளில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். "வேண்டாம் மிஸ்" என்று அந்தப் பெண் சொன்னாலும் கொடுங்கள்.

பதில் 2: செய்யாற்றுக் கட்டை

ஆசிரியர் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கூத்துக் கட்டும் குடும்பம். தையற்கார ஐயா சொன்னதோடு எங்கள் பக்கத்து வழக்கத்தையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

கூத்தில் கிரீடம், புஜக்கட்டை, மார்புப்பதக்கம் எல்லாம் மரத்தால் ஆனவை. கல்யாண முருங்கை மரத்தைத்தான் செதுக்குவோம். பார்க்கப் பெரிதாக இருக்கும், கையில் எடுத்தால் கனக்காது. அதன்மேல் வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் பதிப்போம். அத்தனையையும் கட்டிக்கொண்டு விடியவிடிய ஆடவும் பாடவும் முடிகிறதென்றால், மரத்தின் குணம் பாதிக் காரணம், கட்டும் முறை மீதிக் காரணம். கிரீடம் வெறுந்தலையில் உட்காராது. முதலில் தலையைத் துணியால் இறுக்கிச் சுற்றி, அந்தச் சுற்றின்மேல் கிரீடத்தை வைத்து, தாடைக்குக் கீழே அல்லாமல் பிடரிப் பக்கம் இழுத்துக் கட்டுவோம். தாடையில் கட்டினால் பாட்டு வராது. உங்கள் யாளித் தலையையும் அப்படிப் பின்பக்கம் இழுத்துக் கட்டுங்கள். முன்னால் தும்பிக்கை தொங்குவதால் தலை முன்னுக்குச் சாயும். பிடரிக்குள் சிறு மணல்முடிப்பு ஒன்றைத் தைத்து எடையைச் சரிசெய்யலாம்.

எங்கள் கூத்தில் அனுமனுக்குக்கூட முகத்தை மூடுவதில்லை. அரிதாரம் பூசி, வாயைச் சுற்றி வரைந்து, மற்றதை நடையிலும் குரலிலும் கொண்டுவந்துவிடுவோம். முகமூடி வருகிற இடத்திலும் அதற்கு ஓர் அளவு உண்டு. தஞ்சைப் பக்கத்து மெலட்டூரில் நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில், பிரகலாத சரித்திரம் நடக்கும்போது நரசிம்மர் முகத்தை அணிந்தவர் இரவெல்லாம் மேடையில் நிற்பதில்லை. நாடகம் முற்றும் கட்டத்தில்தான் தூணிலிருந்து வருகிறார். பூசையில் வைத்துப் போற்றும் முகம் அது. அணிபவர் விரதம் இருந்து அணிகிறார். கனமான முகத்துக்குக் குறைந்த நேரம் என்ற கணக்கை நம் பெரியவர்கள் வகுத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு யோசனை தோன்றுகிறது, அம்மா. பிள்ளைகள் ஆறு வாரம் உழைத்துச் செய்த அந்தத் தலையை மூலையில் போட்டுவிடாதீர்கள். அதை அட்டைத் தூணில் பதித்து நிறுத்துங்கள். நாடகம் தொடங்கும்போது அதுதான் கல் யாளி. யாரும் அதைச் சுமக்கவேண்டியதில்லை. சிறுமி தூணுக்கு முன்னால் நின்று பாடும்போது, இரண்டு பேர் தூணை மறைத்துத் திரை பிடிக்கட்டும். கூத்தில் பெரிய வேடங்கள் திரைக்குப் பின்னால் நின்றுதான் வருவார்கள். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும், முகம் தெரியாது. பாட்டு முடிந்த பிறகுதான் திரை விலகும். அதுபோல முதலில் தும்பிக்கை திரைக்கு மேலே எழட்டும், பிறகு நகங்கள் திரையின் விளிம்பைப் பற்றட்டும். திரையை இழுக்கும்போது தூணில் கல் முகம் இருந்த இடம் வெறுமையாக இருக்கவேண்டும். இலேசான தலையோடு உங்கள் மாணவி முன்னால் நிற்பாள்.

பதில் 3: காவிரிக்கரை ஆசிரியை

இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தலையைத் தூணில் வைக்கலாம் என்பதை வகுப்பில் படித்துக் காட்டியபோது, இரண்டு வாரமாக அந்தத் தலையை நிமிர்ந்து பார்க்காமல் இருந்த மாணவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவளுக்கு நேர்ந்ததற்குத் தாங்கள் செய்த பொருளே காரணமாகிவிட்டதே என்று அவர்கள் எவ்வளவு வருந்தியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இன்னும் மூன்று ஐயங்கள் இருக்கின்றன. குதிரைக்குப் பொய்க்கால் குதிரையின் கூட்டைப் பின்பற்றலாமா? மயிலுக்கு உண்மையான தோகையைப் பயன்படுத்தலாமா? கடைசிக் காட்சியில் கையில் அகல் விளக்கு ஏந்தி வருகிறார்கள். இத்தனை துணியும் நாரும் இருக்கும்போது தீயைப் பற்றி என்ன செய்வது?

பதில் 4: மட்டுநகர் வாசகன்

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். கரடியின் உடலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் அதற்கு மட்டும் ஒரு சொல். எங்கள் வடமோடிக் கூத்தில் அரசர்களுக்குக் கரப்புடுப்பு உண்டு. கோழியை மூடி வைக்கும் கரப்பைப் போல, வளையங்களால் கட்டிய கூட்டின்மேல் துணி விரிந்து நிற்கும். துணி காலில் ஒட்டாது, சுழன்று ஆடும்போது உள்ளே காற்றுப் புகுந்து வெளியேறும். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் விடியவிடிய ஆடும் கூத்தைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து உடுப்புகளும் இலேசாகிவிட்டன. ஆனாலும் கரப்பின் அறிவு இன்றைக்கும் உதவும்.

கரடியின் பெருத்த உடலுக்குப் பஞ்சை அடைத்தீர்களானால் உங்கள் யாளிக்கு நேர்ந்ததே கரடிக்கும் நேரும். மெல்லிய பிரம்பில் மூன்று வளையம் செய்து, தோளிலிருந்து நாடாவில் தொங்கவிட்டு, அவற்றின்மேல் கறுப்புச் சாயமிட்ட சணல்நாரைக் குஞ்சம் குஞ்சமாகக் கட்டுங்கள். சாயம் போகாதபடி நன்கு அலசிக் காயவைத்த பின்பே கட்டவேண்டும். இல்லாவிட்டால் வியர்வையில் பிள்ளையின் கழுத்தெல்லாம் கறுத்துவிடும். பிள்ளை நடக்கும்போது வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அசையும். கரடியின் கொழுத்த நடை அப்படியே வரும்.

பதில் 5: தஞ்சைக் கீழவாசல்

பொய்க்கால் குதிரையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் தாய்மாமா ஆடியவர். சிறுவயதில் அவருக்குக் கூடு கட்டிக்கொடுக்கும் வேலை என்னுடையது.

முதலில் மரக்காலை ஒதுக்கிவிடுங்கள். மரக்கால் கட்டி ஆடுவது நெடிய பயிற்சியில் வருவது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் மரக்கால் ஆடலும் ஒன்று. அவுணர்கள் பாம்பும் தேளுமாக வந்தபோது கொற்றவை மரக்காலால் அவற்றை உழக்கினாள் என்பது அதன் கதை. அந்தப் பழமையையும், மராத்தியர் காலம் தொட்டுத் தஞ்சையில் குதிரையாட்டம் செழித்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் சில வாரப் பழக்கத்தில் அவர்களை மரக்காலில் ஏற்றிவிடாதீர்கள். தரையில் வெறுங்காலோடு சலங்கை கட்டி ஆடினாலே குதிரை வந்துவிடும்.

கூட்டைச் சொல்கிறேன். மூங்கிலைப் பிளந்து, உள்பக்கச் சோற்றைச் சீவி, சிம்புகளை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து வளைக்கவேண்டும். இடுப்பு நுழையும் ஓட்டையைக் குதிரையின் நட்டநடுவில் வைப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. தலையும் கழுத்தும் எடை மிகுந்த பக்கம் என்பதால், ஓட்டை நடுவிலிருந்து நான்கு விரற்கடை முன்னால் தள்ளி இருக்கவேண்டும். அப்போது கூட்டைத் தோளில் மாட்டிக் கையை விட்டாலும் அது சமமாக நிற்கும். தோள்பட்டைகள் முதுகில் குறுக்காகச் செல்லவேண்டும். நேராகச் சென்றால் ஆட ஆட நழுவும். கூட்டின்மேல் செய்தித்தாளை மைதாப் பசையில் நான்கு சுற்று ஒட்டினால் போதும்; மேலே துணி வந்துவிடும். கீழே தொங்கும் திரைத்துணி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கட்டும். தரையைத் தொட்டால் பிள்ளை தன் துணியையே மிதித்து விழும். உங்கள் குதிரை கிழட்டுக் குதிரை என்பதால், கழுத்தையும் உடலையும் ஒரே கூடாகக் கட்டாமல் துணிமடிப்பால் இணைத்துவிடுங்கள். கழுத்து தளர்ந்து தளர்ந்து ஆடும்.

மயில் வேடத்திலும் எங்கள் ஊரில் ஒரு நுட்பம் உண்டு. அலகின் கீழ்ப்பகுதியை ஒரு நூலில் கோத்து ஆடுபவரின் கைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். நூலை இழுத்தால் வாய் திறக்கும். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

பதில் 6: பாரிமுனைத் தையற்காரர்

தோகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மயில் முதல் அட்டவணையில் இருக்கும் பறவை. தானாக உதிர்ந்த தோகையை நம் நாட்டுக்குள் வைத்திருக்கவும் விற்கவும் விலக்கு உண்டு, வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. ஆனாலும் கடையில் கட்டுக்கட்டாக விற்பதெல்லாம் உதிர்ந்ததுதான் என்று யாராலும் உறுதி சொல்லமுடியாது என்பதால், என் கடையில் நான் அதை வாங்குவதை நிறுத்தி நெடுநாளாகிறது. பழைய பட்டுப்புடவையின் பச்சையும் நீலமும் கலந்த பகுதிகளைக் கண் வடிவத்தில் வெட்டி, நடுவில் சமிக்கி தைத்து, மெல்லிய பிரம்பு விசிறியில் ஒட்டினால், விளக்கொளியில் தோகையைவிட நன்றாக மின்னும். விசிறி விரிந்து மடியவேண்டும் என்றால் குடையின் பழைய கம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நுனிகளைத் துணியால் நன்றாகப் பொதிந்துவிடவேண்டும்.

தீயைப் பொறுத்தவரை, உண்மையான அகல் வேண்டாம். மின்கலத்தில் எரியும் சிறு விளக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஈ.வி.ஏ. நுரையும் மெத்தை நுரையும் சணலும் தீப்பிடித்தால் வேடத்தைக் கழற்ற நேரம் இருக்காது. இதில் நான் எந்தக் கலைஞரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. மேலும் ஒரு காப்பாக, பருத்தித் துணிக்கும் சணலுக்கும் ஒரு பழைய முறை உண்டு: ஒரு லிட்டர் வெந்நீரில் 70 கிராம் வெங்காரமும் (போராக்ஸ்) 30 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, துணியை முழுக்க நனைத்துப் பிழியாமல் உலரவிட்டால், எளிதில் பற்றிக்கொள்ளாது. ஒரு துண்டை நனைத்து உலர்த்தி வெளியில் கொளுத்திப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். துவைத்தால் இதன் பலன் போய்விடும், மறுபடி நனைக்கவேண்டும். வாயருகில் வரும் பகுதிகளுக்கு இதைப் பயன்படுத்தக்கூடாது. நுரைத்தாளுக்கு இது பயன்படாது.

தலையின் உட்பக்கம் வியர்வை உறிஞ்சும் துணியை வெல்க்ரோவில் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு ஒத்திகைக்கும் கழற்றித் துவைக்கலாம். மைதாப் பசை போட்ட பொருளை எலியும் கரப்பானும் தேடி வரும். அதற்காகச் சிலர் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் பசையில் கூடாது. நன்றாகக் காயவைத்து, வேப்பிலையோடு துணிப்பையில் கட்டி உயரத்தில் தொங்கவிடுங்கள்.

பதில் 7: காவிரிக்கரை ஆசிரியை

ஐந்து வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். புதிய யாளித் தலை 540 கிராம் வந்திருக்கிறது. பள்ளிக்கு அருகில் உள்ள மளிகைக் கடைத் தராசில் மாணவர்களே நிறுத்துப் பார்த்தார்கள். முகத்துக்குக் காவியும் பச்சையும் பூசி, வாயைச் சுற்றிக் கோரைப்பற்களை வரைந்தோம். நேற்று முழு ஒத்திகை நடந்தது. முப்பத்தைந்து நிமிடமும் அவள் நின்றாள், பாடினாள். நடுவில் மூன்று முறை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தோம். நாடக நாளில் நிறுத்தமுடியாது என்பதால், ஆற்றுப்படுகையில் ஊற்றுத் தோண்டும் காட்சி ஒன்றைச் சேர்த்து, யாளி மேடையிலேயே தண்ணீர் குடிக்கும்படி எழுதிவிட்டார்கள். தூணில் கல் முகத்தைத் திரைக்குப் பின்னால் திருப்பிவைக்க நான்கு நொடி ஆகிறது. கரடியின் வளையங்கள் மட்டும் படியேறும்போது இடிக்கின்றன, கீழ்வளையத்தைச் சிறிதாக்கி வருகிறோம். செலவு இதுவரை 11,300 ரூபாய்.

ஒன்றுதான் தீரவில்லை. யாளியின் வால் கால்சட்டையில் தைக்கப்பட்டிருக்கிறது. அவள் திரும்பும் ஒவ்வொரு முறையும் துணியை இழுத்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சரிகிறது. அவளுக்கு அது கூச்சமாகவும் இருக்கிறது.

பதில் 8: செய்யாற்றுக் கட்டை

வாலைத் துணியில் தைக்கக்கூடாது அம்மா, இடுப்பில் கட்டவேண்டும். அகலமான பழைய தோல்வாரின் பின்பக்கத்தில் உள்ளங்கை அளவு நுரைத்தாள் ஒன்றை ஒட்டி, அதில் வாலின் அடியைப் பொருத்துங்கள். சட்டைக்கு உள்ளே வாரைக் கட்டி, சட்டையில் ஒரு துளை வழியாக வாலை வெளியே விடவேண்டும். வாலுக்குள் சைக்கிள் பிரேக் கம்பியை அதன் உறையோடு விட்டு, நுனிகளைத் துணியால் பொதிந்துவிட்டால், தானாக வளைந்து நிமிரும். நுனியில் குஞ்சம் சிறிதாக இருக்கட்டும், கனம் அங்கே வந்தால் மறுபடி இழுக்கும்.

நாடகம் எந்த நாளில் என்று எழுதுங்கள். திரை பிடிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்துத் திரைப்பாட்டின் தாளத்தை ஒரு முறை நேரில் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. முதல் நாள் மாலையே பேருந்தில் வந்துவிடுகிறேன்.